சுழியோடியின் மூச்சுக் கருவி: கோணேசர் மலையடியில் ஒரு மதிப்பீடு

அக்வாலங் என்ற பெயரில் அறிமுகமாகி இன்று ஸ்கூபா என வழங்கும் நீரடி மூச்சுக் கருவி, அமுக்கிய வளியை முதுகில் சுமந்தபடி கடலடியில் தடையின்றி நடமாட வழிசெய்யும் சாதனம். 1943இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும், ஏர் லிக்கீட் நிறுவனத்தின் பொறியியலாளர் எமில் கன்யானும் இதை உருவாக்கினர். போர்க்காலப் பெற்றோல் தட்டுப்பாட்டில் மோட்டார் வாகனங்களை வாயுவில் ஓட்டுவதற்கெனக் கன்யான் அமைத்திருந்த வால்வு ஒன்றே இதற்கு அடிப்படை. அதற்கு முன் ஆழ்கடலில் வேலை செய்தவர்கள் செப்புத் தலைக்கவசம் அணிந்து, மேலிருந்து வரும் குழாயின் நீளத்துக்குள் கட்டுண்டிருந்தார்கள். புதிய கருவி அந்தக் கட்டை அறுத்தது.

திருகோணமலைக் கடலுக்கு இக்கருவியுடன் வந்தவர்களுள் உலகறிந்த பெயர் ஆர்தர் சி. கிளார்க். எழுத்தாளராகப் புகழ்பெறுமுன் அவர் தொழில்நுட்ப ஊழியர். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையில் ரேடார் பணியில் இருந்தார். புவியோடு இணைந்து சுழலும் மூன்று செய்மதிகள் உலகம் முழுவதற்கும் தொலைத்தொடர்பு வழங்கலாம் என்ற அவரது கட்டுரை 1945 ஒக்டோபரில் வயர்லெஸ் வேர்ல்ட் சஞ்சிகையில் வெளிவந்தது. 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவுக்குச் செல்லும் வழியில் அவரது கப்பல் கொழும்பில் தங்கியது. 1956இல் இலங்கையிலேயே குடியேறினார். அவரை இங்கே இழுத்தது கடல். அந்தக் கடலுக்குள் அவரைக் கொண்டுசென்றது இந்தக் கருவி.

அமைப்பு

இன்றைய கருவியில் நான்கு முக்கிய பகுதிகள் உண்டு. முதலாவது, உருக்கு அல்லது அலுமினியச் சிலிண்டர். பரவலாக வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டர் வெறுமையாக ஏறத்தாழ 14 கிலோ எடையுள்ளது. இரண்டாவது, ரெகுலேட்டர். சிலிண்டரின் வாயில் பூட்டப்படும் முதற்கட்டம் 200 பார் அமுக்கத்தைச் சுற்றுநீரின் அமுக்கத்தைவிடச் சுமார் 10 பார் மட்டுமே கூடிய அளவுக்குக் குறைக்கிறது. வாயில் கவ்வும் இரண்டாம் கட்டம் அதை மூச்சுக்கு ஏற்ற அளவாக்குகிறது. மூன்றாவது, வளி நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி. நான்காவது, எஞ்சிய வளியையும் ஆழத்தையும் காட்டும் மானிகள். கண்கவசம், துடுப்புக் காலணி, ஈயப்பட்டி ஆகியவை துணைப்பொருட்கள்.

இரண்டாம் கட்டத்தைத் திறந்து பார்த்தால் இந்தக் கண்டுபிடிப்பின் நேர்த்தி விளங்கும். உள்ளங்கையளவு றப்பர்த் தகடு ஒன்று ஒரு பக்கம் கடல்நீரையும் மறுபக்கம் மூச்சறையையும் பிரித்து நிற்கிறது. சுழியோடி மூச்சை இழுத்ததும் தகடு உள்வளைந்து ஒரு சிறு நெம்புகோலை அழுத்துகிறது. வால்வு திறந்து வளி வருகிறது. இழுப்பது நின்றதும் தகடு மீள்கிறது, வால்வு மூடுகிறது. சுற்றியுள்ள நீரின் அமுக்கமே தகட்டை அழுத்துவதால், எந்த ஆழத்திலும் அந்த ஆழத்துக்குரிய அமுக்கத்தில் வளி கிடைக்கிறது. மின்கலமோ மின்சாரமோ இதற்குத் தேவையில்லை. எண்பது ஆண்டுகள் கடந்தும் அடிப்படை மாறாமல் நிற்பதற்கு இந்த எளிமையே காரணம்.

1950களில் புழங்கிய கருவியில் ரெகுலேட்டர் முழுவதும் பிடரிக்குப் பின்னால் இருந்தது. இரண்டு நெளிவுக் குழாய்கள் தோள்களைச் சுற்றி வாய்க்கு வந்தன. வெளிமூச்சுக் குமிழிகள் தலைக்குப் பின்னால் எழுந்ததால் படம்பிடிப்போருக்கு அது வசதி. கிளார்க்கின் தோழர் மைக் வில்சனும் அத்தகைய நீரடிப் புகைப்படக் கலைஞரே. ஆனால் நுரையீரலுக்கும் ரெகுலேட்டருக்கும் இடையிலான உயர வேறுபாட்டால், உடல் திரும்பும் ஒவ்வொரு கோணத்திலும் மூச்சின் கனம் மாறியது. அவுஸ்திரேலியாவின் டெட் எல்ட்ரெட் 1952இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒற்றைக் குழாய் அமைப்பு இந்தக் குறையைத் தீர்த்தது. இன்றைய கருவிகளெல்லாம் அந்த வழியில் வந்தவையே.

வளிக்கணக்கு

12 லீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் அமுக்கத்தில் 2,400 லீற்றர் வளி அடங்கும். பதற்றமில்லாத சுழியோடி ஒருவர் நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 லீற்றர் செலவிடுகிறார் என்று கொள்ளலாம். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரட்டிப்பதால் செலவு 40 லீற்றராகவும், 20 மீற்றரில் 60 லீற்றராகவும் ஏறுகிறது. 50 பார் வளியைத் தொடாமல் இருப்பில் வைப்பது விதி. எஞ்சும் 1,800 லீற்றர் 10 மீற்றரில் 45 நிமிடத்துக்கும், 20 மீற்றரில் 30 நிமிடத்துக்கும் போதும்.

பழைய கருவிகள் பலவற்றில் வளிமானி இல்லை. மூச்சு இழுக்கக் கடினமாகும்போது ஒரு கம்பியை இழுத்துச் சேமிப்பு வளியைத் திறந்துகொண்டு மேலேறுவார்கள். அந்தக் கம்பி ஏற்கெனவே தட்டுப்பட்டுத் திறந்திருந்தால் சேமிப்பு என்று எதுவும் இராது. இன்றைய மானி இந்த ஆபத்தைப் பெரிதும் அகற்றியிருக்கிறது.

திருகோணமலைக் கடலில்

இக்கருவியைப் பழகவும் சோதிக்கவும் திருகோணமலையைப் போல் வாய்ப்பான இடங்கள் சில மட்டுமே. உட்துறைமுகத்தில் அலை அடங்கிய நீர், நிலாவெளிக்கு எதிரே பவளப்பாறை சூழ்ந்த புறாத்தீவு, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் செங்குத்தான பாறைச்சரிவு, அதற்கு அப்பால் ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு எல்லாம் ஒரே மாவட்டத்தில் உள்ளன. பருவம் பார்த்தே இறங்க வேண்டும். வாடை வீசும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை அலையும் ஆற்றுநீரும் கடலைக் கலக்கிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை, கரையிலிருந்து கடலை நோக்கிக் கச்சான் வீசும் மாதங்களில், காலை வேளையில் நீர் தெளிந்திருக்கும். வெப்பமான நீராகையால் மெல்லிய றப்பர் உடையே போதும்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தனர். கற்களில் ஒரு பகுதி கோட்டைக்குப் போனது. ஒரு பகுதி மலையிலிருந்து கடலில் வீழ்ந்தது. 1956இல் கிளார்க்கும் வில்சனும் மலையடியில் மூழ்கியபோது செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த கிளார்க்கின் ‘த ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்’ இதை விவரித்தது. ஊர்மக்களின் நினைவிலும் வழிபாட்டிலும் வாழ்ந்துவந்த ஒரு வரலாற்றுக்கு அது கண்கண்ட சான்றாயிற்று. மலைமேல் மீண்டும் எழுந்த கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது.

மூச்சடக்கி மூழ்குபவருக்கு அந்தக் கற்கள் எளிதில் பிடிபடா. இயற்கைப் பாறைகளுக்கிடையே பாசியும் சிப்பியும் படர்ந்து கிடக்கும் ஒரு கல்லில் நேரான விளிம்பையோ, சமஇடைவெளியில் வெட்டிய குழிகளையோ அடையாளம் காண, அதன் அருகே அசையாமல் நின்று பல நிமிடம் பார்க்க வேண்டும். சங்கு குளிப்பவர்கள் தலைமுறைகளாக இக்கடலில் மூழ்கியவர்கள். அவர்களுடைய திறமைக்கு இந்தக் கருவி மாற்றாகாது. ஆனால் ஒரே மூச்சில் கிடைக்கும் நேரம் எடுத்து மீள்வதற்கே போதும். நின்று பார்க்கும் நேரத்தைக் கருவிதான் தருகிறது. இந்தக் கடலில் அதன் தலையாய சிறப்பும் இதுவே.

மலையடியில் எழும்பியடங்கும் அலை இன்றைய மேலங்கிக்கும் நல்ல சோதனை. சிலிண்டரில் வளி குறையக் குறைய அலுமினியம் இலேசாகி உடலை மேலே தூக்கும். முழுச் சிலிண்டரில் இருக்கும் வளியின் எடை இரண்டரைக் கிலோவுக்கு மேல் என்பதால் இந்த மாற்றம் நன்றாகவே தெரியும். ஈயத்தைக் குறைவாகக் கட்டியவர் கடைசி நிமிடங்களில் பாறைமட்டத்தில் நிற்க முடியாமல் தவிப்பார். தொடக்கத்திலேயே அளவறிந்து கட்டுவதுதான் தீர்வு. இங்குள்ள கற்கள் தொல்பொருட்கள்; பார்க்கலாம், படமெடுக்கலாம், தொட்டு எடுக்கக் கூடாது. கடற்படைத் தளத்தைச் சேர்ந்த நீர்ப்பரப்பில் அனுமதியின்றி இறங்க முடியாது.

குடும்பமும் கருவியும்

வேறெந்தச் சாதனத்துக்கும் அதிகம் பொருந்தாத ஒரு விதி இதற்கு உண்டு: தனியே பயன்படுத்தக் கூடாது. இருவராக இறங்கி, ஒருவர் மற்றவரின் வளியையும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். அதனால்தான் இன்றைய ரெகுலேட்டரில் தோழருக்கென இரண்டாவது வாய்க்கருவி பொருத்தப்படுகிறது. கிளார்க்கின் இலங்கை வாழ்க்கையைப் பார்த்தால், இந்த விதி ஒரு வீட்டையே உருவாக்கியிருப்பது தெரிகிறது. அவரது திருமணம் 1953இல் நடந்து சில மாதங்களிலேயே பிரிவில் முடிந்தது. கொழும்பில் அவரைச் சூழ்ந்தவர்கள் வில்சன், இலங்கையின் கடலுயிர் வல்லுநர் ரொட்னி ஜொங்க்லாஸ், பின்னர் ஹெக்டர் ஏக்கநாயக்க என்று எல்லோரும் சுழியோடிகளே. ஹெக்டர் நடத்திய அண்டர்வோட்டர் சஃபாரிஸ் சுழியோடல் நிறுவனத்தில் கிளார்க்கும் பங்காளி. ஹெக்டரின் குடும்பத்தோடு ஒரே வீட்டில் வாழ்ந்த அவர், அதைத் தமது வளர்ப்புக் குடும்பம் என்றே சொல்லிவந்தார். 1977இல் விபத்தில் இறந்த ஹெக்டரின் தம்பி லெஸ்லிக்கு ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்’ நாவலைக் காணிக்கையாக்கினார். 2008 மார்ச் 19இல் மறைந்த கிளார்க்கின் உடல் கொழும்பில் லெஸ்லியின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அவருக்குப் பிடித்தவை பல: மேசைப்பந்து, தொலைநோக்கி, பெப்சி என்ற குட்டை நாய், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1975இல் வீட்டில் அமைத்துத் தந்த செய்மதி அன்டெனா, 1980களில் கலிபோர்னியாவுக்குத் தகவல் அனுப்பப் பயன்படுத்திய கேப்ரோ கணினி. இவற்றுள் சுழியோடலின் இடம் தனி. விண்வெளியின் எடையின்மையைப் பூமியிலேயே உணர அது வழி தந்தது. விண்வெளி வீரர்கள் இன்றும் நீருக்கடியிலேயே பயிற்சி பெறுவதற்கு இதுவே காரணம். 1962இல் போலியோ தாக்கி உடல் தளர்ந்தபின் இன்னொரு பயனும் தெரிந்தது. தரையில் சுமையான கால்கள் நீரில் சுமையாக இருக்கவில்லை. உடற்குறையுள்ளோருக்கு இக்கருவி தரும் விடுதலை, அதன் நிறைகளுள் முதலில் எண்ணத்தக்கது.

குறைகளும் ஆபத்தும்

கருவி எளிது, உடலின் விதிகள் கடுமையானவை. மூச்சைப் பிடித்துக்கொண்டு 10 மீற்றரிலிருந்து மேலேறினால் நுரையீரலிலுள்ள வளி இரட்டிப்பாக விரிந்து திசுவைக் கிழித்துவிடும். ஆகவே மூச்சை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. 30 மீற்றரளவில் நைதரசன் மதியை மயக்கத் தொடங்கும். ஆழத்தில் குருதியில் கரைந்த நைதரசன், விரைந்து மேலேறினால் குமிழிகளாகி மூட்டுகளையும் முள்ளந்தண்டையும் தாக்கும். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரிப்பது வழக்கமான காப்பு. கடலட்டை பிடிக்கவும் சங்கு எடுக்கவும் நாளொன்றில் பல சிலிண்டர்களை அடுத்தடுத்துப் பயன்படுத்தும் தொழிலாளர்களுக்கே இந்தக் குமிழி நோயின் ஆபத்து மிக அதிகம். வயிற்றுப்பாட்டுக்காக மூழ்குபவருக்கும் ஆழமானியும் முறையான பயிற்சியும் கிடைக்க வேண்டும். ஆழத்தைக் காட்டாத கருவியை அவர் கையில் கொடுப்பது அநீதி.

பராமரிப்பு

உப்புதான் முதல் எதிரி. கரையேறியதும் முதற்கட்டத்தின் தூசுமூடியைத் துடைத்து உலர்த்திப் பூட்டிய பின்னரே நன்னீரில் அலச வேண்டும். மூடி திறந்திருந்தால் நீர் உள்ளே புகுந்து துருவேறும். வாய்க்கருவியிலுள்ள பொத்தானை அழுத்தியபடி அலசக் கூடாது. இறங்குமுன் சிலிண்டர் வாயிலுள்ள றப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாய்க்கருவியில் சில மூச்சு இழுத்து, எண்ணெய் வாடை வந்தால் அந்தச் சிலிண்டரை ஒதுக்க வேண்டும். வளி நிரப்பிய கொம்பிரசரில் கோளாறு என்பதற்கு அது அறிகுறி. சிலிண்டருக்கு உட்பரிசோதனையும் அமுக்கச் சோதனையும் உரிய காலத்தில் நடந்ததற்கான முத்திரை அதன் தோளில் இருக்கும்.

யாருக்கு ஏற்றது

நீந்தத் தெரிந்த, காதும் நெஞ்சும் நலமாக உள்ள எவருக்கும் இது ஏற்றது. சுழியோடல் பயிற்சி நடத்தும் பாடி (PADI) அமைப்பின் முதல்நிலைச் சான்றிதழ் 18 மீற்றர் ஆழம் வரை இறங்க வழிசெய்கிறது. பத்து வயதுப் பிள்ளைகளும் 12 மீற்றர் எல்லைக்குள் பயிலலாம். எனவே பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் காவலாக இறங்கக்கூடிய அரிய சாதனம் இது. தொடங்குவோர் முகத்துக்குப் பொருந்தும் கண்கவசத்தை மட்டும் சொந்தமாக வாங்கி, மற்றவற்றை வாடகைக்கு எடுப்பது நல்லது. மேலும் பழகியபின் ரெகுலேட்டர் வாங்கலாம். சிலிண்டரை வாங்கத் தேவையே வராது. பயிற்சியும் துணையும் இருந்தால் திருகோணமலைக் கடலுக்கு இதைவிடச் சிறந்த கருவி இல்லை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இதை முதுகில் ஏற்றக் கூடாது.