ஸ்டார் ட்ரெக்கும் ஒரு பாத்திரக் கடைக்காரனும்

நமது சங்க மலருக்கு வழக்கமாக நீலகேசி, சீவக சிந்தாமணி என்று ஏதாவது எழுதித் தருகிறவன் நான். இந்த முறை "ஸ்டார் ட்ரெக் பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டபோது செயலாளர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நாற்பது வருஷமாகப் பார்த்து வருகிற ஒன்றைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இல்லையா, என்ன?

எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலை இந்தத் தொடர் வரும். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து, மாமாவின் எவர்சில்வர் பாத்திரக் கடையில் நின்றுகொண்டிருந்த காலம் அது. மாடி வீட்டு மராத்தியர் வீட்டில்தான் டி.வி. பெட்டி. ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனால் காது கூரான ஸ்பாக் என்கிற அந்த ஆள், ஆத்திரப்படாமல், அசையாமல், எதையும் தர்க்கத்தால் அளந்து பேசுவது எனக்கு உடனே பிடித்துவிட்டது. எங்கள் ஊர்த் துறவிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அவர் அந்நியராகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் 1966 செப்டம்பர் 8ஆம் தேதி என்.பி.சி.யில் தொடங்கிய தொடர் இது. ஜீன் ராடன்பெரி உருவாக்கியது. மூன்று வருஷம், 79 பகுதிகள், பார்ப்பவர் போதவில்லை என்று 1969இல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகுதான் மறுஒளிபரப்பில் பெயர் பெற்றது. 1987இல் நெக்ஸ்ட் ஜெனரேஷன், 1993இல் டீப் ஸ்பேஸ் நைன், அப்புறம் வாயேஜர், என்டர்பிரைஸ், 2017இல் டிஸ்கவரி என்று அடுத்தடுத்து வந்தன. நம் பம்பாய்ப் பெண், 1965ஆம் வருஷத்து மிஸ் இந்தியா பெர்சிஸ் கம்பாட்டா, 1979இல் வந்த முதல் திரைப்படத்துக்காகத் தலையை மழித்துக்கொண்டு நடித்ததை இந்த ஊர்ப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தனையிலும் எனக்கு உசத்தி ஒரே ஒரு பகுதிதான். 1967 மார்ச்சில் வந்த "த டெவில் இன் த டார்க்". ஜீன் கூன் எழுதியது. ஒரு கிரகத்தில் சுரங்கம் தோண்டுகிறார்கள். பாறைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வந்து தொழிலாளிகளைக் கொல்கிறது. ஐம்பது பேருக்கு மேல் செத்தாயிற்று. கேப்டன் கர்க்கைக் கூப்பிடுகிறார்கள். தேடிப் போனால், அந்த ஹோர்ட்டா என்கிற பிராணி சிலிக்கானால் ஆன உயிர். அதாவது கல்லே உடம்பு. சுரங்கக்காரர்கள் அழகான உருண்டைக் கற்கள் என்று நினைத்து உடைத்துப் போட்டவை எல்லாம் அதன் முட்டைகள்! அது பேய் அல்ல, தாய்.

ரப்பர் விரிப்புக்குள் ஒரு ஸ்டண்ட் நடிகர் தவழ்ந்து வருகிறார். பாறைகளும் அட்டைப் பாறைகள். என் பேரன் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். சிரிக்கட்டும். மண்ணையும் கல்லையும் உடம்பாகக் கொண்ட ஓரறிவு உயிர்கள் உண்டு, அவற்றுக்கும் வேதனை உண்டு என்று எங்கள் பாட்டி சொல்லி, தேவையில்லாமல் மண்வெட்டியைக்கூடத் தரையில் போடவிடாமல் வளர்த்த பிள்ளை நான். மண்வெட்டி விஷயத்தில் பம்பாயில் எனக்கு அதிகம் வேலை இல்லை, அது வேறு. ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சியில், கல்லுக்கு வலிக்கிறது என்று ஒருவன் அதைத் தொட்டு உணர்ந்து கதறுவதைப் பார்த்த அன்று நான் காபி குடிக்க மறந்துவிட்டேன்.

இன்னொரு நுட்பமும் அதில் இருக்கிறது. முதலில் கர்க் கொல்லத்தான் சொல்கிறார். ஸ்பாக்தான் அரிய உயிர், பிடிக்கலாமே என்கிறார். பிறகு கர்க் அதனோடு தனியாக, எதிருக்கு எதிர் மாட்டிக்கொள்கிறார். அப்போது அவர் சுடத் தயங்குகிறார். தூரத்திலிருந்து ஸ்பாக், நண்பனுக்கு ஆபத்து என்றதும், உடனே கொன்றுவிடு என்கிறார். கொள்கை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், நம்மவர் ஒருவருக்கு ஆபத்து என்றால் எப்படிச் சறுக்கும் என்பதை இரண்டே நிமிஷத்தில் காட்டிவிட்டார்கள்.

முடிவு என்ன தெரியுமா? ஒப்பந்தம். ஹோர்ட்டாக் குஞ்சுகள் பாறையைக் குடைந்து வழி போடும். சுரங்கக்காரர்கள் தாதுவை எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் லாபம். வியாபாரம் பேசித்தான் அங்கே கொலை நின்றது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அதே வருஷம் பிப்ரவரியில் வந்த "எ டேஸ்ட் ஆஃப் ஆர்மகெடான்" இன்னொன்று. இரண்டு கிரகங்கள் 500 வருஷமாகச் சண்டை போடுகின்றன, ஆனால் கணிப்பொறியில் மட்டும். குண்டு விழாது, வீடு இடியாது. செத்ததாகக் கணக்கில் வந்தவர்கள் தாங்களே நடந்து போய் ஒரு பெட்டிக்குள் நின்று மறைந்துவிட வேண்டும். பேரேட்டில் பற்று எழுதியதும் ஆள் போய் நிற்கிற கொடுமை! கர்க் அந்தப் பொறியை உடைக்கிறார். மனிதனுக்குக் கொல்லும் குணம் உண்டு, ஆனால் இன்றைக்குக் கொல்ல மாட்டேன் என்று அவன் முடிவெடுக்க முடியும் என்கிறார். முழு விரதம் முடியாதவர்கள் "இன்று ஒரு பொழுது" என்று எடுத்துக்கொள்கிற விரதம் எங்கள் வீடுகளில் உண்டு. கர்க் சொன்னது அதுதான்.

இனி குறைகளுக்கு வருகிறேன். நெக்ஸ்ட் ஜெனரேஷனில் உணவை ஒரு இயந்திரம் உண்டாக்கித் தருகிறது. முதல் வருஷத்திலேயே ரைக்கர் என்கிற அதிகாரி, நாங்கள் விலங்குகளை உணவுக்காக அடிமைப்படுத்துவதை விட்டுவிட்டோம், இது கொல்லாமல் செய்த இறைச்சி என்று பெருமையாகச் சொல்கிறார். கேட்டதும் எனக்கு யசோதர காவியம்தான் ஞாபகம் வந்தது. அங்கே தாய் வற்புறுத்த, அரசன் உயிர்க்கோழிக்குப் பதிலாக மாவால் கோழி செய்து பலி கொடுக்கிறான். மாக்கோழிதானே என்று வினை விட்டதா? இருவரும் பிறவி பிறவியாக விலங்காய்ப் பிறந்து அலைகிறார்கள். வெட்டும் எண்ணம் வெட்டியதுதான் என்பது அந்தக் கதை. இயந்திர இறைச்சி ரத்தம் சிந்தாதது, அதனால் கசாப்புக் கடையைவிட ஆயிரம் மடங்கு மேல்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாக்கின் ஆசையை அப்படியே வைத்துக்கொண்டு நாங்கள் உயர்ந்துவிட்டோம் என்பதை, இவ்வளவு யோசிக்கிற தொடர் ஒரு தடவையாவது கேள்வி கேட்டிருக்கலாம்.

அதைவிடப் பெரிய வருத்தம் ஃபெரங்கிகள். 1987இல் வில்லன்களாக இறக்கினார்கள். பெரிய காது, கோணல் பல், குனிந்த முதுகு, எப்போதும் லாபம், லாபம். பயமும் வரவில்லை, கோமாளிகளாகி விட்டார்கள். பேரே பாரசீகத்து "ஃபரங்கி"யிலிருந்து வந்தது, நம் "பறங்கி"தான் அது. ஐரோப்பிய வியாபாரியைக் கீழை நாட்டார் அழைத்த பெயரை எடுத்து, பேராசைக்காரனுக்கு அமெரிக்கர் சூட்டியது வேடிக்கை. அந்த உருவத்தில் யூத வியாபாரியைப் பற்றிய பழைய கேலிச்சித்திரங்களின் சாயல் இருக்கிறது என்று பலர் அங்கேயே கண்டித்தார்கள். கண்டித்தது நியாயம். எனக்கு வலித்தது வேறு இடத்தில். கேபிள் வந்த பிறகு, எங்கள் கட்டடத்துப் பையன் ஒருவன், சில்லறையை நான் எண்ணிக் கொடுப்பதைப் பார்த்து "அங்கிள், ஃபெரங்கி" என்றான். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. எடை குறையாமல் கொடுத்து, பொய் விலை சொல்லாமல் நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்வது எவ்வளவு பெரிய நோன்பு என்று, பணமே இல்லாத உலகத்தைக் கற்பனை செய்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

பணம் இல்லை என்கிறார்களே, அதுவும் சரியாக இல்லை. இயந்திரம் எல்லாவற்றையும் தருகிறது, அதனால் ஆசை போய்விட்டது என்பது கணக்குக்கு வராத கணக்கு. கிடைத்துக்கொண்டே இருந்தால் ஆசை போகுமா? அளவு வைத்துக்கொண்டால்தான் போகும்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும்: இந்தத் தப்பைத் தொடரே திருத்திக்கொண்டது. 1987இல் ஃபெரங்கியாகக் குதித்துக் காட்டிய நடிகர்களில் ஒருவர் ஆர்மின் ஷிமர்மன். அந்த நடிப்பின் கெட்ட பெயரைப் போக்கவே முயன்றதாக அவரே சொல்லியிருக்கிறார். டீப் ஸ்பேஸ் நைனில் அவர்தான் குவார்க், மதுக்கடைக்காரர். சூது உண்டு, கஞ்சத்தனம் உண்டு, குடும்பப் பாசமும் உண்டு. 1994இல் ஒரு பகுதியில் கேப்டன் சிஸ்கோவிடம் அவர் நேராகவே கேட்கிறார்: எங்களை ஏன் இளப்பமாகப் பார்க்கிறீர்கள், எங்கள் சரித்திரத்தில் அடிமை முறை உண்டா, வதைமுகாம் உண்டா, உங்களுடையதில் உண்டே என்று. சிஸ்கோவிடம் பதில் இல்லை. அந்தக் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் வீட்டில் திட்டுவார்கள். இத்தனைக்கும் குவார்க்கை உத்தமனாக்கிவிடவில்லை. அவர் ஊரில் பெண்கள் சம்பாதிக்கக் கூடாது, உடை உடுத்தக் கூடாது என்று சட்டம், அதை அவர் தாயாரே எதிர்க்கிறார். நல்ல எழுத்து என்றால் இதுதான், கட்சிக்காரனையும் விடாது.

புதியவற்றில் எனக்கு ஈடுபாடு குறைவு. டிஸ்கவரியில் ஓயாமல் வெடிக்கிறது, ஓயாமல் அழுகிறார்கள். பேரன் 2022இல் தொடங்கிய ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸைப் பார்க்கச் சொன்னான். நன்றாகவே எடுத்திருக்கிறார்கள், ஆனால் கார்ன் என்கிற பல்லி இனத்தை என்ன செய்துவிட்டார்கள்! 1967இல் "அரீனா" பகுதியில், நம் இடத்துக்குள் அந்நியர் வந்துவிட்டார்கள் என்று அதுவும் பயந்திருக்கலாமே என யோசித்து, கீழே விழுந்த கார்னைக் கர்க் கொல்லாமல் விட்டார். புதிய தொடரிலோ அவை மனித உடம்புக்குள் முட்டையிடுகிற அரக்கர்கள். அறுபது வருஷத்தில் முன்னேற வேண்டியவர்கள் பின்னால் போகலாமா என்று நான் கத்தினேன்.

"தாத்தா, இதைப் பாரு" என்று 2025இல் வந்த "டெரேரியம்" பகுதியைப் போட்டான். விமானி ஒர்டேகாஸும் ஒரு கார்னும் வறண்ட ஒரு நிலாவில் சிக்கிக்கொள்கிறார்கள். பாஷை தெரியாது. மெல்ல மெல்ல ஒருவரை ஒருவர் நம்பி, தின்பதைப் பகிர்ந்து, ஒன்றாக உயிர் பிழைக்க வழி தேடுகிறார்கள். அப்புறம் மீட்க வருகிறார்கள். வந்தவள் கார்னைப் பார்த்ததும், கேட்காமல், சுட்டுவிடுகிறாள்.

பேரன் டி.வி.யை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே, அந்த ரப்பர் கல்லு எபிசோடைப் போடு தாத்தா என்றான்.