தோகையும் இரப்பானும்: எபிரேயச் சொல்லாராய்ச்சி பற்றி ஒரு நோக்கு

எபிரேயச் சொற்களையும் எண்களையும் தமிழோடு ஒப்பிடுவது நம் சங்க மேடைகளில் நெடுநாளாகப் பயின்றுவரும் விருப்பம். நமது ‘அப்பா’ அவர்களிடமும் ‘அப்பா’. நமது ‘அம்மா’ அவர்களிடம் ‘இம்மா’. ஆகவே எபிரேயம் தமிழின் மகள் என்று முழங்குவோர் உளர். மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1966இல் வெளியிட்ட ஆங்கில நூலில் தமிழே உலகின் முதன்மொழி என நிறுவ முயன்றார். அப்பெரியாரின் உழைப்புக்குத் தலைவணங்குகிறோம். எனினும், ஒலி ஒற்றுமை ஒன்றே சான்றாகாது என்பதே நம் துணிபு. தந்தை தாயரைக் குறிக்கும் மழலைச் சொற்கள் உறவற்ற பல மொழிகளிலும் இவ்வாறே ஒலிக்கின்றன.

ஒலியை நம்பினால் நேரும் இடரைக் கொச்சி யூதர் செப்பேடு நன்கு காட்டும். கி.பி. 1000ஐ ஒட்டி, சேர வேந்தன் பாஸ்கர ரவி முயிரிக்கோட்டிலிருந்து வட்டெழுத்தில் வழங்கியது அது. அதனைப் பெற்ற யோசேப்பு ரப்பான், அதில் ‘இரப்பான்’ எனக் குறிக்கப்படுகிறார். தமிழ்க் காதுக்கு இது பிச்சை ஏற்பவன்! உண்மையில் ‘ரப்பான்’ என்பது தலைவர், ஆசான் என்னும் பொருளுடைய எபிரேயச் சிறப்புப் பெயர். ரகரம் மொழிக்கு முதலில் வாராது என்னும் நம் இலக்கண மரபால் இகரம் முன்வந்தது, இராமன் என்பதிற்போல. இலக்கணம் அறியாதவன் தலைவனை இரவலனாக்கிவிடுவான்.

அவருக்கு அளித்த ‘எழுபத்திரண்டு வீடுபேறு’ என்பதிலும் மறைபொருள் தேடுவார் உண்டு. எபிரேய எழுத்துகள் 22க்கும் எண்மதிப்பு உண்டு என்பது மெய்யே. உயிருள்ளது என்னும் பொருள்படும் ‘ஹை’ என்ற சொல்லின் எழுத்துகள் 8ம் 10மாகச் சேர்ந்து 18 ஆவதால், யூதர் 18இன் மடங்காகக் கொடை வழங்குவர். நம்மிடமும் எட்டு ‘அ’, கால் ‘வ’. இவற்றைக் கூட்டி வசைபாடிய தனிப்பாடல் ஒன்று ஔவையார் பெயரால் வழங்குகிறது. இவை சுவையான மரபுகள். வரலாற்றுச் சான்றுகள் அல்ல. அதே 72 உரிமை கி.பி. 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் கொல்லத்துக் கிறித்தவருக்கும் சுட்டப்படுகிறது. ஆகவே அது நாட்டு ஆட்சி வழக்கேயன்றி எபிரேய மந்திரம் அன்று.

அங்ஙனமாயின் நமக்கு எஞ்சுவது யாது? குறைவன்று. அரசர்கள் முதல் நூலின் 10ஆம் அதிகாரம், சாலமோனின் மரக்கலங்கள் யானைத்தந்தத்தோடும் குரங்குகளோடும் ‘துக்கிய்யீம்’ கொணர்ந்தன என்கிறது. ‘ஈம்’ பன்மை விகுதி. எஞ்சிய ‘துக்கி’ நம் ‘தோகை’யே என்பது கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் காணும் கருத்து. தோகை என்பது சினையாகுபெயராய் மயிலையே குறித்தல் பழந்தமிழ் வழக்காதலின் இது பொருத்தமுடையது. எனினும் எகிப்தியச் சொல்லாகக் கொண்டு அதனைக் குரங்கு என்பாரும் உளர். இன்றைய எபிரேயத்திலோ ‘துக்கி’ கிளி! நமக்கு இது வியப்பன்று. தமிழில் பெருக்கைக் குறிக்கும் ‘வெள்ளம்’ மலையாளத்தில் குடிநீரானதை நாள்தோறும் கேட்கிறோம்.

தோகையினும் உறுதியானது இஞ்சி. ‘இஞ்சிவேர்’ பாலியில் ‘சிங்கிவேர’ எனவும் கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’ எனவும் திரிந்து, பிற்கால எபிரேயத்தில் ‘ஸங்வில்’ என நின்றது. இங்கே சரக்கு உண்டு, கடல்வழி உண்டு, இடைப்பட்ட மொழிகளின் சான்றும் உண்டு. மூன்றும் கூடியதே ஆராய்ச்சி.

பாலக்காட்டிலும் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலைப் பகுதிகளிலும் வாழும் நம் பிள்ளைகள் பலர் மலையாளத்திலேயே கல்வி பயில்கின்றனர். வீட்டில் நாம் ஊட்டும் பெருமையே அவர்களைத் தமிழோடு பிணைக்கும் கயிறு. அது பொய்யிழையால் திரிக்கப்பட்டிருப்பின், வகுப்பறையில் எழும் முதல் வினாவிலேயே அறும். அறும்போது மெய்யான பெருமையும் உடன் போகும். ஆகவே பெற்றோரும் சங்கத்தாரும் ‘எபிரேயம் எமது மகள்’ என்பதை விடுத்து, நம் மலைச்சரிவில் விளையும் இஞ்சியின் பெயர் கடல் கடந்த வரலாற்றைக் கற்பிப்பாராக. எவர் வினவினும் அது நிற்கும்.