வெயிலுக்குக் காத்திருத்தல்

இரத்தோட்டையில் வெயிலை நம்ப முடியாது. நக்கிள்ஸ் மலைப் பக்கமிருந்து முகில் இறங்கிவிட்டால் எந்தக் கறுப்புக் காரும் புதுக் கார்தான். முகில் விலகியதும் குட்டு வெளிப்படும்: பொனட்டில் சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றி, சிலந்தி பின்னியதுபோல மெல்லிய வட்டக் கோடுகள். உண்மையில் அவை வட்டமே இல்லை. அழுக்குத் துணி கண்டபடி இழுத்த கீறல்களில், ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னிக் கண்ணை ஏமாற்றுகின்றன.

பாலிஷ் போடும் தம்பி முதலில் கீறலை நகத்தால் வருடிப் பார்க்கிறான். நகம் இடறினால், "இது முழுசாப் போகாது அண்ணே" என்று சொல்லிவிடுகிறான். அந்த நேர்மைக்கே பாதிக் காசு கொடுக்கலாம். பெயின்ட் மெலிந்திருக்கும் விளிம்புகளுக்கு டேப் ஒட்டுகிறான். பிறகு நாலு பொட்டுக் கொம்பவுண்ட், மெஷினின் தாழ்ந்த முனகல். அழுத்துவதில்லை, மாட்டை ஓட்டுவதுபோல நடத்திப் போகிறான். பசை பரவிப் பரவிக் கண்ணாடியாகத் தெளிகிறது. இடையிடையே தகரத்தின் சூட்டைப் புறங்கையால் பார்த்துக்கொள்கிறான். கீறலை நிரப்புகிற வேலையல்ல இது. சுற்றியுள்ள மேல்பூச்சை மயிரிழையிலும் மெல்லிதாகத் தேய்த்து, மேட்டைப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குவது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பூச்சு போய்விடும், திரும்பாது. கைதேர்ந்தவன் குறைவாக எடுப்பான். அடுத்து மெத்தென்ற பஞ்சு, நைசான பாலிஷ், கடைசியாக ஒரு துணி. துடைத்து முடித்துவிட்டு அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மலைப் பக்கம் பார்த்தபடி நிற்கிறான், முகில் விலகட்டுமென்று.