படிப்புக்குப் பக்கத்தில் ஓர் அறை

சுவாமிமலையில் சிலை வார்க்கக் கற்பவர் பட்டறைக்குப் பக்கத்திலேயே தங்குவது நல்லது. மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டல் மண் பூசுவது, அதைக் காயவிடுவது, மெழுகை உருக்கி வடிப்பது, உலோகம் ஊற்றுவது என எதுவும் மணியடித்துத் தொடங்கி முடிகிற வேலை அல்ல. கண் பழகக் கிட்டே இருக்க வேண்டும். கல்லூரி மாணவருக்கும் இதே நிலைதான். மலிவான வாடகை அறை படிப்புக்கு வெளியே உள்ள வசதி அல்ல, படிப்பின் ஒரு பகுதி. இதற்குச் சான்று பக்கத்துக் கும்பகோணத்திலேயே இருக்கிறது. கணிதவியலாளர் ராமானுஜனின் தந்தை துணிக்கடைக் கணக்கர். அவர் சம்பளம் போதாததால், சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்த அவர்கள் வீட்டில் அரசுக் கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்தார்கள். அவர்கள் சொல்லித்தந்த கணிதத்தைச் சிறுவன் ராமானுஜன் வெகுவிரைவில் கடந்துபோனான். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது, வீட்டுக்கு வருமானம் வந்தது, உலகத்துக்கு ஒரு கணித மேதை வளர்ந்தார். எவ்வளவு அருமையான ஏற்பாடு!

மலிவு என்றால் நெரிசலும் இரைச்சலும்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் நூலகத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் உள்ள சிறிய அறை, தினமும் பல மணி நேரத்தைப் பேருந்தில் கரைக்கும் பெரிய அறையைவிட மேல். இன்னொரு மறுப்பு கனமானது: பிராமணர்கள் வாழ்ந்த அந்த அக்ரகாரத் தெருவின் கதவுகள் எல்லா மாணவருக்கும் திறக்கவில்லை. அதை மறைத்துப் பழமையைப் புகழ்வது நியாயமல்ல. அரசு நலத்துறை விடுதிகள் தேவைப்பட்டதும் அதனால்தான், இன்றும் அவை தேவை. கல்லூரி ஊர்களில் மாடியறை காலியாக வைத்திருப்பவர்களே, சாதி கேட்காமல், நியாயமான வாடகைக்கு ஒரு மாணவருக்குக் கொடுங்கள்.