மண்மதிலும் பீரங்கியும்

கட்டபொம்மன் கதைப்பாடல்களில் வரும் கோட்டைப் புகழ்ச்சியை உயர்வு நவிற்சியென ஒதுக்குவாருளர். அது பொருந்துமா என ஆராய்வாம். 1799-இல் இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை, 1801-இல் சிறைமீண்ட ஊமைத்துரை மீண்டும் எழுப்பினான். அவ்வாண்டு மார்ச்சு 31-இல் மெக்காலேயின் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அக்னியூ பெரும்பீரங்கிகளொடு வந்த பின்னரே, மே 24-இல் கோட்டை வீழ்ந்தது. கருங்கல் மதில் குண்டடியிற் சிதறும். மண்மதிலோ குண்டைத் தன்னுள் வாங்கி நிற்கும். அப்போரில் பொருத வெல்சு என்னும் ஆங்கிலேயரே 1830-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் ஊமைத்துரையை வியந்துரைக்கின்றார். பகைவர் சான்றும் பாடலும் ஒத்துவருமிடத்து, பாடலைப் பொய்யெனல் எங்ஙனம்? முயல் வேட்டைநாயைத் துரத்திற்றென்பது கற்பனையே. அம்மண்ணின் உரம் கற்பனையன்று. கொங்குநாட்டில் தீரன் சின்னமலையின் ஓடாநிலைக் கோட்டை பற்றிய வாய்மொழி வழக்குகளையும் இவ்வாறே ஆவணங்களொடு ஒப்பிட்டு ஆராய்தல் நம் கடனாம்.