வாரக் கணக்கில் மிஞ்சிய தாய்

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்னும் கருமூளை வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. உயிர் தங்காத ஐந்து கருக்களின் மூளைகள். 14 முதல் 24 வாரம் வரையிலானவை. எம்.ஆர்.ஐ. எடுத்து, மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி, 5,132 படங்களாக்கி, எவரும் பார்க்கும்படி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். கர்ப்பகால அல்ட்ராசவுண்டுக்குப் பெயர்பெற்ற மெடிஸ்கேன் நிறுவனமும் இதில் பங்கேற்றது.

இதன் பயனை நான் மறுக்கவில்லை. ஐந்தாம் மாத ஸ்கேனில் "தலையில் ஏதோ குறை" என்று கேட்டுத் திரும்பும் பெண்ணின் அடுத்த நாட்கள், அந்த நிழலை மருத்துவர் எவ்வளவு சரியாகப் படிக்கிறார் என்பதில் தொங்குகின்றன. 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, 24 வாரம் தாண்டினால் கருவின் குறையை மருத்துவக் குழு ஆராய்ந்துதான் அனுமதிக்க வேண்டும். அதற்குள் தெரிந்துகொள்ள, எந்த வாரத்தில் மூளை எப்படியிருக்கும் என்று காட்டும் படம் தேவை.

ஆனால் படத்தில் யார் இருக்கிறார்கள்? 1965இல் 'லைஃப்' இதழில் வந்த லென்னார்ட் நில்சனின் கருப் படங்களில் பெரும்பாலானவை கருப்பைக்கு வெளியே எடுக்கப்பட்டவை. இறந்த கருக்களே உயிரின் சின்னமாக உலகைச் சுற்றின. கரு தனியாளாகத் தெரியத் தெரியப் பெண் மறைகிறாள் என்று ராசலிண்ட் பெட்செஸ்கி 1987இல் எழுதினார். 'தரணி' அப்படி ஏமாற்றவில்லை. இறந்ததை இறந்தது என்றே சொல்கிறது. இருந்தும் தாய் அங்கே மிஞ்சியிருப்பது ஒரே இடத்தில்தான்: வார எண்ணில். அது அவளுடைய கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணப்படுவது.

எங்கள் தென்காசிப் பெண்களின் கணக்கு வேறு. "மூணு உண்டாச்சு, ரெண்டுதான் தங்குச்சு" என்பார்கள். போனதையும் சேர்த்தே எண்ணுவார்கள். குற்றாலத்தில் சாரல் விழுந்த சமயம் என்று நாள் சொல்வார்கள். எந்த மாதம் வரை பீடித்தட்டை மடியில் வைக்க முடிந்தது என்றும் சொல்வார்கள். உழைப்பும் இழப்பும் அந்தக் கணக்கில் உண்டு.

தரணி என்றால் பூமி. நம் வீடுகளில் பெண்ணுக்கு வைக்கும் பெயரும்கூட. அந்தப் பெயருக்கு நியாயம் செய்ய ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு மூளைக்கும் அருகே, அதைச் சுமந்தவளிடம் என்ன கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள், அவள் என்ன சொல்லிச் சம்மதித்தாள் என்பதை, அவள் அடையாளம் வெளியே தெரியாதபடி, தமிழிலும் எழுதி வைக்க வேண்டும். அவளும் வாசிக்கக்கூடிய வரைபடமாக அப்போதுதான் அது ஆகும்.