தங்கமும் தங்கம் எடுத்தவரும்

சுரங்க நகரொன்றின் வாழ்வைக் காட்டும் அருங்காட்சியகத்தை எதைக்கொண்டு மதிப்பிடுவது? தங்கம் எடுத்தவர் அங்கே எவ்வாறு காட்டப்படுகிறார் என்பதைக் கொண்டே என்பது நம் கருத்து.

இத்துறையில் பெரும்புகழ் பெற்றது ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரிலுள்ள சாவரின் ஹில். 1851-இல் தங்கம் கண்டெடுக்கப்பட்ட அவ்வூரின் அன்றைய தெருக்களையும் கடைகளையும் 1970 முதல் அங்கே மீண்டும் எழுப்பிக் காட்டி வருகின்றனர். சீனத் தொழிலாளரின் குடியிருப்பையும் மறவாமல் சேர்த்திருப்பது பாராட்டத்தக்கது. காண வருவோர் ஓடைமணலைத் தட்டில் அரித்து, கிடைக்கும் தங்கத்துகளைத் தமதாக்கிக்கொள்ளலாம். பல்லாரட்டுக்கு இவ்விளையாட்டு பொருந்தும். உரிமக் கட்டணம் செலுத்தித் தன் குழியைத் தோண்டியவன் அன்றும் கிடைத்ததைத் தனதாக்கிக்கொண்டான்.

ஆனால், நம் மக்கள் அறிந்த சுரங்க நகர் கோலார் தங்கவயல். பழைய சேலம், வடஆர்க்காடு மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அங்கே பிழைக்கச் சென்றன. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய அச்சுரங்கங்களிலிருந்து மேலேறிய தொழிலாளியைச் சோதனையிட்ட பின்னரே வெளியே விட்டனர். ஒரு துகளை வைத்துக்கொண்டாலும் அவன் திருடன். அங்கே பல்லாரட்டின் விளையாட்டைப் புகுத்தினால் அது வரலாற்றுக்கு எதிரான பொய்ச்சான்றாகவே முடியும்.

தங்கவயலைக் 'குட்டி இங்கிலாந்து' என்று போற்றுவோர் துரைமாரின் பங்களாக்களையும் மன்றத்தையும் 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரத்தையும் முன்னிறுத்துவர். அவையும் உண்மையே. எனினும், மூங்கில் தட்டியால் அமைந்த ஒற்றையறைக் குடிசை அவற்றருகே இடம்பெறாவிடில் அக்காட்சி நிறைவுறாது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் சுரங்கத்தின் வெம்மை, திடீரெனப் பாறை வெடித்துச் சிதறிய விபத்துகள், கல்தூசு அரித்த நுரையீரல், விரல்ரேகைப் பதிவை எதிர்த்து 1930-இல் நடந்த வேலைநிறுத்தம், 1946 நவம்பர் 4-இல் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட அறுவர் ஆகிய அனைத்தும் அங்கே பேசவேண்டும்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போய்விட்டது, சயனைடு கலந்த கழிவுமண் குன்றுகள் மட்டும் ஊர் நடுவே நிற்கின்றன. காற்று வீசினால் அத்தூசு இன்றும் வீடுகளுக்குள் புகுகிறது. இக்குன்றுகளை மறைத்துக் கட்டப்படும் எந்தக் காட்சிக்கூடமும் அவ்வூரின் வரலாற்றைப் பாதியே சொல்லும்.

நம் பகுதியிலும் தங்கவயலில் உழைத்தோரின் பேரப்பிள்ளைகள் உள்ளனர். பாட்டனாரின் பணிச்சான்றோ பழைய நிழற்படமோ பரணில் கிடந்தால் எடுத்துத் துடைத்து வையுங்கள். அவர் பெயரையும் ஊரையும் அதன் பின்புறம் எழுதுங்கள். பெயரற்ற கூலியாட்களாக எண்ணப்பட்டோர்க்கு நாம் செலுத்தவேண்டிய முதற்கடன் அதுவே.